மாமாவின் பஸ்ஸில் ரைட் சொன்னவன்

கூட்டாளிமாரே, நம் வயதுக்காரர் எல்லோரும் இப்போது பிள்ளைகளின் இங்கிலீசைச் சொல்லிப் பெருமையடிக்கிறீர்கள். ஒருவருடைய மகள் கொழும்புக் கோர்ட்டில் இங்கிலீசில் வழக்காடுகிறாளாம். இன்னொருவருடைய பேரன் தூக்கத்தில் கூட இங்கிலீசில்தான் புலம்புகிறானாம். நல்லது. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து எழுத்தைப் பழகியவன். இருந்தும் கண்டி டவுனில் இரும்புக்கடை வைத்திருக்கிறேன், கட்டுகஸ்தோட்டையில் மர ஆலை வைத்திருக்கிறேன், என் லொறிகள் ஓடாத மலைரோடு இந்தப் பக்கத்தில் இல்லை. அத்தனையையும் ஒரே ஒரு இங்கிலீசுச் சொல்லை வைத்துக்கொண்டுதான் சம்பாதித்தேன். அந்தச் சொல் ரைட்.

சிரிக்காதீர்கள். காணி பேசும்போது விலை சொன்னவன் முகத்தைப் பார்த்து ‘ரைட்’ என்று மெல்லச் சொன்னால் சம்மதம். அதையே இழுத்து ‘ரை…ட்’ என்றால், உன் கதை எனக்குத் தெரியும், இன்னும் இறங்கி வா. வெட்டு வெட்டாக இரண்டு தரம் சொன்னால் பேச்சு முடிந்தது, எழுந்திரு. தரகர் வந்து ‘மாப்பிள்ளை வீடு ரைட்’ என்றால் பந்தல்காரனுக்குச் சொல்லிவிடலாம். சாராயக் கடையிலிருந்து வருகிறவனைக் காட்டி ‘ஆள் ரைட்’ என்றால் அவனோடு இன்றைக்குப் பேசிப் பயனில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு ‘ரைட்’ என்றால் நேரே பெட்டிக் கடைக்குப் போக வேண்டியதுதான், பிரேதப் பெட்டிக்கு. படித்தவர்களுடைய தடித்த புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறதோ என்னவோ, என் வாயில் இருக்கிறது.

இப்படிப்பட்ட எனக்கு, அந்தச் சொல்லை ஒரே ஒரு இடத்தில் நின்று சொல்ல வேண்டும் என்று ஒரு காலத்தில் நெஞ்சு எரிந்தது. அந்த இடத்தில் இன்னொருத்தன் நின்றான். அவன் மேல் உள்ள எரிச்சல் இன்றைக்கும் எனக்கு அடங்கவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

பஸ்களை அரசாங்கம் இன்னும் தன் கைக்கு எடுக்காத காலம் அது. கண்டி பஸ் ஸ்டாண்டை ஒட்டி அப்பா தேத்தண்ணிக் கடை போட்டிருந்தார். பலகைச் சுவர், தகரக் கூரை. பாய்லரின் கரிப்புகையும் பஸ்ஸின் பெற்றோல் புகையும் ஒன்றாகக் கலந்து வரும் வாசனையை இன்றைக்கு எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அடி கனத்த, வரி வரியாக இருக்கும் கிளாஸ்கள். அவற்றைக் கழுவுவது என் வேலை. பள்ளிக்கூடத்திலிருந்து அப்பா என்னை நிறுத்தியதே அதற்குத்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, என்னைப் போல் கிளாஸ் கழுவ அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. ஒன்றைக்கூட நான் உடைத்ததில்லை. அந்தக் கெட்டித்தனம்தான் எனக்கு எதிரியாக வந்தது என்பது இப்போது விளங்குகிறது.

அம்மாவின் தம்பி, என் மாமா, பஸ் கண்டக்டர். கண்டியிலிருந்து பேராதனை, கடுகண்ணாவை வழியாக இறங்கி மாவனல்லை வரைக்கும் ஓடுகிற பஸ். தோளில் தோல் பை, காதில் பென்சில், பின்கதவுப் படியில் ஒரு கால், காற்றில் ஒரு கால். கல்யாணம் கட்டாதவர். சாப்பாடு, படுக்கை எல்லாம் எங்கள் வீட்டில். அவருடைய ரைட்டுக்கு ஊரில் பெயர் இருந்தது. அடிவயிற்றிலிருந்து எடுத்து, நடுவில் ஒரு சுழி சுழித்து, கடைசியில் கதவில் ஒரு தட்டுத் தட்டி முடிப்பார். கடைக்குள் பின்பக்கம் தொட்டியடியில் குந்தியிருந்தாலும் எனக்குக் கேட்கும். அவர் சொல்லி முடிப்பதற்கும் அந்த மரப்பெட்டி போன்ற பஸ் ஒரு குலுக்குக் குலுக்கிப் புறப்படுவதற்கும் சரியாக இருக்கும். ஒரு மனிதன் வாயால் சொல்ல, அத்தனை சனமும் அத்தனை இரும்பும் நகர்வது எனக்குச் சாமி காரியம் போல இருந்தது.

பஸ்ஸில் மணிக்கயிறு ஒன்று இருந்ததுதான். அது அறுந்து, முடிச்சுப் போட்டு, பிறகு முடிச்சோடு சேர்த்து யாரோ கன்றுக்குட்டி கட்டக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதன் பிறகு குரல்தான். ஒரு சந்தை நாளில் உள்ளே இருந்த இளவட்டம் ஒன்று அவசரத்தில் ‘ரைட்’ என்று கத்த, படியில் ஏறிக்கொண்டிருந்த ஒரு அம்மா வாழைக்குலையோடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். நல்ல வேளையாக அடி பெரிதில்லை. அன்றிலிருந்து டிரைவர், மாமாவின் குரலைத் தவிர வேறு எந்தக் குரலுக்கும் பஸ்ஸை எடுப்பதில்லை. பயணிகள் கத்திப் பார்ப்பார்கள், சில பேர் மாமாவைப் போல் குரலை மாற்றியும் பார்ப்பார்கள். டிரைவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு இருப்பார். கம்பளைப் பக்கத்து முஸ்லிம் மனிதர். நானா என்றுதான் சின்னவர் பெரியவர் எல்லோரும் அவரைக் கூப்பிடுவது.

அந்த வருஷம், கண்டியில் யானை ஊர்வலம் போகிற பெரஹெராச் சீசனுக்கு, பள்ளிக்கூட லீவில், பன்விலத் தோட்டத்திலிருந்து அத்தை மகன் வந்து சேர்ந்தான். அப்பாவின் தங்கை மகன். எனக்கு ஒத்த வயது. அத்தைக்குப் பிள்ளைப்பேறு நெருங்கியிருந்ததால் இவனைக் கொஞ்ச நாள் இங்கே அனுப்பியிருந்தார்கள். தலையில் எண்ணெய் வழிய, கையில் ஒரு கொய்யாப்பழப் பையோடு வந்தான். வந்த அன்றைக்கே ஒரு கிளாஸை உடைத்தான். மறுநாள் இன்னொன்று. நான் உடைத்திருந்தால் முதுகு பழுத்திருக்கும். அப்பா, “மருமகப்பிள்ளைக்குப் பழக்கமில்ல, விடு,” என்றார். அம்மா அவன் தட்டில் முட்டை வைத்தாள். என் தட்டில் முட்டையின் வாசனை இருந்தது.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறு. அவன் என் மாமாவை ‘மாமா’ என்று கூப்பிட்டான்.

கூட்டாளிமாரே, முறை தெரிந்தவர்கள் நீங்கள். என் அம்மா அவனுக்கு மாமன் பெண்டாட்டி. அவளுடைய தம்பி அவனுக்குச் சித்தப்பா முறைதானே ஆக வேண்டும்? நான் சபையில் எடுத்துச் சொன்னேன். “டேய், அவரு ஒனக்குச் சித்தப்பா. எனக்குத்தான் மாமா.”

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். “நீ மாமான்னு கூப்புடுற, நானும் மாமான்னு கூப்புடுறேன். அவரே ஒண்ணும் சொல்லல்ல.”

மாமா உண்மையிலேயே ஒன்றும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு அவன் தலையைத் தட்டிக்கொடுத்தார். அம்மாவும், சின்னப்பிள்ளைக்கு என்ன முறை தெரியும் என்றாள். எனக்குத் தெரிந்திருந்தது. நானும் அதே அளவு சின்னப்பிள்ளைதான் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

கிளாஸ்கள் மிஞ்ச வேண்டுமே என்று அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். “இவன ஒன்னோட பஸ்ஸுல கொண்டு போ. ஊரப் பாத்துட்டு வரட்டும்,” என்று மாமாவிடம் சொன்னார். உடைக்கிறவனுக்குப் பஸ், உடைக்காதவனுக்குத் தொட்டி. அன்றைக்கு அந்தி பட அவன் திரும்பி வந்தபோது நடையே மாறியிருந்தது. கடைக்குள் வந்து, பெஞ்சின் மேல் ஒரு காலை வைத்து, ‘ரைட்!’ என்றான். மாமாவைப் போல இல்லை. மூக்கிலிருந்து வருகிற, சின்னதாக ஆரம்பித்து நுனியில் மேலே தூக்குகிற ஒரு ரைட். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை அப்படித்தான் சொல்லுவாராம். கூடையைத் தராசிலிருந்து எடு, அடுத்தவள் வா, என்று அர்த்தமாம். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். நானா முதலில் கேட்டுப் பயந்துவிட்டாராம், பிறகு அந்தக் குரலுக்கே ஆசை பிடித்து, “சின்னவனச் சொல்லச் சொல்லு,” என்று மாமாவிடம் கேட்டு வாங்கினாராம். ஒரு வாரத்துக்குள் மாவனல்லை ரோடு முழுக்க அவனுக்குச் சின்னவன் என்று பெயர். கடுகண்ணாவையில் ஒரு சிங்களக் கடைக்காரர் அவனுக்கு நாள் தவறாமல் கித்துள் கருப்பட்டித் துண்டு கொடுத்தார். அதில் பாதியை எனக்குக் கொண்டுவருவான். நான் வாங்கமாட்டேன். பிறகு அவன் தூங்கினதும் எடுத்துத் தின்பேன். இனிப்பு இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல்.

பின்பக்கத் தொட்டியடியில் நானும் பழகினேன். கிளாஸைத் தண்ணீரில் அமுக்கி, எடுத்து, ‘ரைட்’. அப்பா முன்னாலிருந்து, கழுவிட்டியா என்று கேட்பார். ‘ரைட்’ என்பேன். ஒருநாள் எழுந்து வந்து மண்டையில் ஒரு குட்டு வைத்தார். தகப்பனிடம் இங்கிலீசு பேசுகிற வயசா இது என்றார். சின்னவன் பேசினால் சிரிப்பு, நான் பேசினால் குட்டு. தபால் கந்தோரில் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவர் இருந்தார், எங்கள் கடையில்தான் அவருக்குத் தேத்தண்ணி. குட்டு வாங்கியதைப் பார்த்துவிட்டு, “தம்பி, ரைட் எண்டால் உரிமை எண்டும் கருத்து இருக்கு,” என்றார். அப்பா பாய்லர் பக்கத்திலிருந்து திரும்பி, அந்த ரைட்டு நம்ம சனத்துக்கு இந்த நாட்டுல இல்லைங்க, வேற இருந்தா சொல்லுங்க, என்றார். கிளாக்கர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். நம் சனத்தின் பிரஜாவுரிமையைச் சட்டம் போட்டுப் பறித்த கதை அது என்று பிற்காலத்தில்தான் எனக்கு விளங்கியது. அன்றைக்கு நான் நினைத்தது, மாமா மேல் எனக்குள்ள உரிமையைத்தான் கிளாக்கர் சொல்கிறார், அதையும் அப்பா இல்லை என்கிறார் என்று.

கடைசியில் மாமாவிடமே கேட்டேன். அவர் வயிறு திண்ணென்று இருக்கச் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த நேரம்.

“மாமா, என்னையும் ஒரு நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க.”

“நீ வாந்தி எடுப்படா.”

“எடுக்கமாட்டேன்.”

“எடுப்ப. எம் பையிலேயே எடுத்தவன்தானே நீ.”

நாலைந்து வயதில் ஒருமுறை கடுகண்ணாவை வளைவில் அந்தத் தோல் பைக்குள் வாந்தி எடுத்திருக்கிறேனாம். எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் வீட்டில் அது சட்டம் போல நின்றுவிட்டது. இவனுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது, இவனுக்குக் கடைதான் பிடிக்கும், இவன் சிடுமூஞ்சி. பெரியவர்கள் ஒரு பிள்ளையை ஒருதரம் பார்த்து எழுதி வைப்பதோடு சரி, மறுபடி எட்டிப் பார்ப்பதில்லை. என் முகம் சிடுசிடுவென்று இருந்தது பஸ்ஸில் போகக் கிடைக்காததால். அதைப் பார்த்து, பஸ் பிடிக்காத முகம் என்று முடிவு செய்தார்கள்.

பெரஹெரா நாட்களில் கண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாயும் சோற்றுப் பொட்டலமுமாக ஊரே ரோட்டோரத்தில். யானைச் சாணமும் நசுங்கிய பூவும் மணக்கும். பஸ்களுக்கு ஓய்வில்லை. சின்னவன் கத்திக் கத்தி, இரவு பெரஹெராக்கள் முடிந்து பகல் பெரஹெரா வருகிற அன்று காலையில், வாயைத் திறந்தான், காற்றுத்தான் வந்தது. அம்மா உப்புத் தண்ணீர் கொப்பளிக்க வைத்தாள், மிளகு கொடுத்தாள். ஒன்றும் வேலைக்காகவில்லை. நான் அவன் பக்கத்திலேயே நின்றேன். எனக்கு உள்ளே மத்தாப்பு எரிந்துகொண்டிருந்தது.

அன்றைக்குப் பின்கதவில் ஒரு ஆள் இல்லாமல் முடியாது என்றார் மாமா. அப்பா கடையை யார் பார்ப்பது என்று கேட்டார். அப்போது அந்தத் தொண்டை கட்டினவன், காற்றுக் குரலில், “நான் கழுவுறேன் மாமா, இவன் போகட்டும்,” என்று அப்பாவிடம் சொன்னான். அப்பாவை அவன் மாமா என்று சொன்னது முறைதான், அதில் குற்றமில்லை. எனக்காக அவன் கேட்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குக் கிடைக்கிறதைக்கூட இவன் கையால் வாங்க வேண்டியிருந்தது. அம்மா என் சட்டைப் பையில் ஒரு தேசிக்காயைத் திணித்தாள், வாந்தி வந்தால் முகர்ந்து பார்க்க.

மாவனல்லைக்குக் காலியாக இறங்கும்போது மாமாதான் சொல்லிக்கொண்டு வந்தார். அங்கே சனத்தை ஏற்றிக்கொண்டு, “ரைட் குடு மருமகனே,” என்று என்னைப் படியில் விட்டுவிட்டு டிக்கட் கொடுக்க உள்ளே போனார். நான் ஒரு கையால் கம்பியைப் பிடித்தேன். ஒரு காலைக் காற்றில் விட்டேன். தொட்டியடியில் பழகியதையெல்லாம் திரட்டி, ‘ரைட்!’ என்றேன்.

பஸ் அசையவில்லை.

இன்னொரு தரம் சொன்னேன். இன்ஜின் உறுமிக்கொண்டு நின்றது. முன்னாலிருந்து நானாவின் தொப்பித் தலை கண்ணாடியில் தெரிந்தது, பிறகு ஜன்னல் வழியாக வெளியே வந்தது.

“யாருடா அது கத்துற? சின்னவன் எங்க ஈக்கிறான்?”

சனம் சிரித்தது. மாமா உள்ளேயிருந்து அவருடைய ரைட்டைச் சொன்னார், பஸ் புறப்பட்டது. அடுத்து பஸ் நின்ற ஹோல்ட்டிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும். நான் சொல்லுவேன், நானா காது கேளாதவர் போல இருப்பார், மாமா சொல்லுவார், பஸ் போகும். கடுகண்ணாவை ஏற்றத்தில், பாறையைக் குடைந்த இடத்துக்குக் கிட்ட, இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்துவார்கள். பாறையிலிருந்து ஒழுகுகிற பீலித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு நானா என்னிடம் வந்தார். “கோவிக்காத மகன். ஒன்ட கொரல் எனக்குப் பழக்கமில்ல. கால் தன்னால ப்ரேக்குல போய் நிக்குது,” என்றார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் சொல்வதுதான் அதிகம் சுடும்.

ஆற்றில் தண்ணீர் வெட்டுச் சடங்கு முடிந்து, பகல் பெரஹெராவும் முடிந்து, சனம் வீட்டுக்குத் திரும்பிய நேரத்தில் அந்தப் பஸ்ஸை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஜன்னலில் சனம், கூரையில் சனம். மாமா டிக்கட் கொடுக்க முன்பக்கம் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். அவர் மேல் யாரோ ஒருவருடைய பாய்க்கட்டு, அதற்கு மேல் ஒரு தூங்குகிற குழந்தை. வாயைத் திறக்கவும் இடமில்லை. பேராதனைப் பாலத்துக்கு இப்பால் ஒரு ஹோல்ட்டில் பஸ் நின்றது. ஒரு வயதான சிங்கள மனிதர் ஏறினார். நான் அவரை இடுப்பில் பிடித்துத் தூக்கி உள்ளே தள்ளினேன். படியில் நான் மட்டும். பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தது, அதற்குப் பின்னால் வந்ததும் அடித்தது. உள்ளே யமு, யமு, போவோம் போவோம் என்று சத்தம். நானா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். மாமாவின் குரல் வரவில்லை.

‘ரைட்’ என்றேன். என் குரலில்தான். நானாவின் தலை அசையவில்லை.

அப்போது என் மூக்கு தானாகச் சுருங்கியது. சின்னதாக ஆரம்பித்து, நுனியைத் தூக்கி, தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கூடையை எடுக்கச் சொல்வது போல, ‘ரைட்!’ என்றேன். அத்தனை நாள் பொறாமையோடு கேட்டவன் நான், அந்தக் குரலில் எனக்குத் தெரியாத மூலை இல்லை.

பஸ் ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு புறப்பட்டது.

அதன் பிறகு மாவனல்லை வரைக்கும் எல்லா ஹோல்ட்டிலும் நான்தான். ஒவ்வொரு தரமும் நானா எடுத்தார். கூட்டம் கரைந்ததும் மாமா பின்னால் வந்து என் தலையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். “அச்சு அசல் சின்னவனேதான்டா நீ,” என்றார். என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைப் புகழ்ந்திருக்கிறார்கள், மேடையில் மாலை போட்டிருக்கிறார்கள். அந்தப் புகழ்ச்சியைப் போல எதுவும் வலித்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாந்தி எடுத்தாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்பா உடைந்த கிளாஸ்களை எனக்குக் காட்டினார். சின்னவன் தொட்டியடியில் குந்தியிருந்தான், கையில் வெட்டுக்காயம், அதில் மஞ்சள். என்னைக் கண்டதும் எழுந்து வந்தான்.

“நானா எடுத்தாரா?” காற்றுக் குரலில் கேட்டான்.

“எடுத்தாரு.”

அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பொய்யில்லாத சந்தோஷம். அவனுக்கு என் மேல் ஒரு துளி பொறாமை இல்லை. அதற்காகவும் அவன் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

“எப்படிடா சொன்ன? ஒருக்காச் சொல்லிக் காட்டு.”

பிற்காலத்தில், தோட்டச் சனத்தைத் திருப்பி அனுப்ப இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் அவன் குடும்பம் இந்தியா போய், இப்போது நீலகிரிப் பக்கம் இருக்கிறான். பென்சன் இல்லை, ஒரு பெட்டிக்கடை. என் மர ஆலையின் ஒரு மூலைக்குப் பெறாது. போனில் பேசும்போது இன்னும் அதே குரல்தான், வைக்கிற நேரத்தில் ‘ரைட் மச்சான்’ என்பான். நான் பதிலுக்கு ரைட் சொல்லாமல் வைத்துவிடுவேன்.

அன்றைக்கு அவன் விடவில்லை. சொல்லிக் காட்டு, சொல்லிக் காட்டு என்று என் முகத்துக்கு நேரே காதைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு நின்றான். எனக்கும் தொண்டை கட்டிவிட்டது என்று கையால் காட்டிவிட்டு, தொட்டியடியில் குந்தி, மிஞ்சியிருந்த கிளாஸ்களைக் கழுவத் தொடங்கினேன்.